ப்ரீபயாடிக் சர்க்கரையும் கட்டிவைத்த நொதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள், சிறிய அளவில் சத்துமாவும் பானமும் தயாரித்து விற்பவர்கள், சர்க்கரை நோய் வந்த பிறகு லேபிளைப் படிக்கப் பழகியவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. ப்ரீபயாடிக் சர்க்கரைகளில் பல வகை உண்டு. இங்கே பெரும்பாலும் பேசப்போவது ஃப்ரக்டோ-ஒலிகோசாக்கரைடு, சுருக்கமாக எஃப்.ஓ.எஸ்., பற்றி. சாதாரணச் சர்க்கரையிலிருந்து பூஞ்சை நொதியைக் கொண்டு செய்வது அது. கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அந்த எதிர்வினையில் மிஞ்சும் குளுக்கோஸ்தான் அந்த இடம்.

ப்ரீபயாடிக், ப்ரோபயாடிக் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ப்ரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர். ப்ரீபயாடிக் என்பது நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கான தீனி. நம் சிறுகுடலின் நொதிகளால் அதை உடைக்க முடியாது. ஆகவே அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே பைஃபிடோபாக்டீரியா போன்றவை அதை உண்டு, அசிட்டேட் முதலான குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன.

இந்தக் கருத்துக்கு 1995-இல் பெயர் கொடுத்தவர்கள் கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்ற இரு ஆய்வாளர்கள். 2017-இல் வெளியான வரையறை இன்னும் கறாரானது: நம் உடலில் வாழும் நுண்ணுயிர்கள் தேர்ந்து பயன்படுத்துவதாகவும், அதனால் நமக்கு நன்மை விளைவதாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது பாதியை விளம்பரங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன.

ஒரு சமயம் சர்க்கரை என்கிறீர்கள், ஒரு சமயம் நார்ச்சத்து என்கிறீர்கள். எது சரி?

இரண்டுமே. நாம் காபியில் போடும் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் இணைந்தது. அதன் ஃப்ரக்டோஸ் பக்கத்தில் இன்னொரு ஃப்ரக்டோஸ் சேர்ந்தால் கெஸ்டோஸ். இரண்டு சேர்ந்தால் நிஸ்டோஸ். மூன்று சேர்ந்தால் ஃப்ரக்டோசில்-நிஸ்டோஸ். இந்த மூன்றின் கலவையே எஃப்.ஓ.எஸ். நீரில் கரைகிறது, இனிக்கிறது, அதனால் சர்க்கரை. செரிப்பதில்லை, அதனால் நார்ச்சத்துக் கணக்கிலும் வருகிறது.

தூய நிலையில் அதன் இனிப்பு சுக்ரோஸின் இனிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு கிராமுக்குச் சர்க்கரை 4 கலோரி தரும், இது 1.5 முதல் 2 கலோரி வரை தரும். அந்தக் கலோரியும் குடல் நுண்ணுயிர்கள் விட்டுவைக்கும் அமிலங்களின் வழியாகவே நமக்கு வந்து சேர்கிறது.

வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறதாமே, பிறகு ஆலை எதற்கு?

இருக்கிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, ஓரளவு வாழைப்பழம் எல்லாவற்றிலும் உண்டு. நாள்தோறும் வெங்காயமும் பூண்டும் சமைக்கும் வீட்டில் இந்த வகைச் சத்து ஓரளவு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்த வீட்டுக்குத் தனியாக டப்பா வாங்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் பிஸ்கட்டிலோ குழந்தை உணவிலோ பூண்டு வாசனை இல்லாமல், அளவு மாறாமல் சேர்க்க வேண்டுமென்றால் தனியாகப் பிரித்த பொருள் தேவை. ஆலை அங்கேதான் வருகிறது.

காபித்தூளில் சிக்கரி கலக்கிறோம். அதிலேயே இது கிடைத்துவிடாதா?

நல்ல கேள்வி. சிக்கரிக் கிழங்கில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இனுலின் ஏராளமாக இருக்கிறது. ஆனால் காபிக்காக அதைக் கரும்பழுப்பாக வறுக்கிறார்கள். அந்தச் சூட்டில் இனுலினின் பெரும்பகுதி சிதைந்து, நிறமாகவும் மணமாகவும் கசப்பாகவும் மாறிவிடுகிறது. காபியைச் சுவைக்காகக் குடியுங்கள்.

சர்க்கரையிலிருந்து இதை எப்படிச் செய்கிறார்கள்?

ஃப்ரக்டோசில் டிரான்ஸ்ஃபெரேஸ் என்றொரு நொதி. அது ஒரு சுக்ரோஸ் மூலக்கூறிலிருந்து ஃப்ரக்டோஸைக் கழற்றி, பக்கத்தில் உள்ள இன்னொரு சுக்ரோஸின் வாலில் பூட்டுகிறது. வாங்கிக்கொண்டது கெஸ்டோஸ் ஆகிறது. கொடுத்தது வெறும் குளுக்கோஸாக நிற்கிறது. கெஸ்டோஸுக்கு இன்னும் ஒன்று சேர்ந்தால் நிஸ்டோஸ். ஒவ்வொரு பூட்டலுக்கும் ஒரு குளுக்கோஸ் உதிர்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டியான சர்க்கரைப் பாகு, 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூடு, லேசான அமிலத்தன்மை (பி.எச். 5.5 அளவில்). வழக்கமான நிலவரம் இவ்வளவுதான். ஜப்பானின் மெய்ஜி நிறுவனம் 1980-களின் முற்பாதியில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1991-இல் ஜப்பான் அரசு உடல்நல உணவுகளுக்கென்று தனி அனுமதி முறை வகுத்தபோது, ஒலிகோசாக்கரைடுகளுக்கு அதில் முக்கிய இடம் கிடைத்தது.

இந்த நொதி எங்கிருந்து வருகிறது? பூஞ்சை என்றால் பயமாக இருக்கிறதே.

ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர், ஆரியோபாசிடியம் புல்லுலன்ஸ் ஆகிய இரண்டும் அதிகம் பயன்படுபவை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே வகையைக் கொண்டும் ஆய்வு செய்திருக்கிறார்கள். முதலாவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: பழைய வெங்காயத்தின் தோலுக்கடியில் கருந்தூளாகப் படிவது பெரும்பாலும் அதுதான்.

அதற்காக யாரும் அழுகிய வெங்காயத்திலிருந்து நொதி எடுப்பதில்லை. நச்சு உண்டாக்காதது என்று சோதித்துத் தேர்ந்த வகையை மூடிய கலனில் வளர்த்து எடுக்கிறார்கள். குளிர்பானத்திலும் ஜாமிலும் உள்ள சிட்ரிக் அமிலம் 1919 முதல் தொழில்முறையில் இதே ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரிலிருந்துதான் வருகிறது. அதை நூறாண்டாக விழுங்கிவிட்டு இதற்கு மட்டும் பயப்படுவதில் பொருளில்லை.

நொதியைக் கட்டிவைப்பது என்றால் என்ன? ஏன் கட்ட வேண்டும்?

நொதி வினையூக்கி, வேலை முடிந்த பிறகும் தீர்ந்துபோவதில்லை. ஆனால் பாகில் கரைத்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. கடைசியில் சூடாக்கி அழிக்கத்தான் வேண்டும். கரையாத ஒரு பொருளில் நொதியை ஒட்டியோ அடைத்தோ வைத்துவிட்டால், பாகு மட்டும் வந்து போகும், நொதி அங்கேயே இருக்கும். நொதியோடு சேர்ந்த அந்தப் பொருளைச் சிறு மணிகளாக ஒரு நெட்டுக் கலனில் நிரப்பி, மேலே சுக்ரோஸ் பாகை விட்டால், கீழே எஃப்.ஓ.எஸ். பாகு இடைவிடாமல் வரும்.

இது புதிய யோசனையும் அல்ல. 1916-இலேயே நெல்சன், கிரிஃபின் என்ற இருவர், கரித்தூளில் ஒட்டிய இன்வெர்ட்டேஸ் நொதி தன் வேலையை விடாமல் செய்வதைக் கவனித்து எழுதினார்கள். அந்த நொதியும் சுக்ரோஸை உடைப்பதுதான் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். ஆலை அளவில் முதலில் செய்து காட்டியது ஜப்பானின் தனபே நிறுவனம். 1969-இல் அமினோ அமிலங்களைப் பிரிக்க சிபாடா குழுவினர் அதைக் கையாண்டார்கள்.

எதில் கட்டுகிறார்கள்?

வழிகள் பல. ரெசின் எனும் செயற்கைப் பிசின் துகளின் மேற்பரப்பில் ஒட்டவிடலாம். எளிது, ஆனால் மெல்ல மெல்லக் கழன்றுவரும். குளூட்டரால்டிஹைடு கொண்டு வேதிப் பிணைப்பாகப் பூட்டலாம். உறுதி, ஆனால் நொதியின் திறனில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். மூன்றாவது வழி, கடற்பாசியிலிருந்து வரும் சோடியம் ஆல்ஜினேட்டில் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவது. தொட்டவுடன் ஒவ்வொரு சொட்டும் மணியாக இறுகிவிடும்.

இந்தப் பூஞ்சைகளில் நொதியின் பெரும்பகுதி பூஞ்சை இழையின் சுவரோடே ஒட்டியிருப்பதால், நொதியைப் பிரித்தெடுக்காமல் முழுப் பூஞ்சையையே மணிக்குள் அடைத்துவிடலாம். தென் கொரிய ஆலை ஒன்று ஆரியோபாசிடியத்தை ஆல்ஜினேட் மணிகளில் அடைத்து இப்படித்தான் உற்பத்தி செய்தது. பிரித்தெடுக்கும் செலவே மிச்சம் என்பதால் எனக்குப் பிடித்த வழியும் இதுதான்.

மணிகள் இரண்டே நாளில் கரைந்துபோகின்றன. என்ன தவறு?

அநேகமாக உங்கள் இடைக்கரைசல், அதாவது பி.எச். மாறாமல் பிடித்துவைக்கும் பஃபர். ஃபாஸ்பேட்டும் சிட்ரேட்டும் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கால்சியம் போனால் ஆல்ஜினேட் மணி குழைந்துவிடும். அசிட்டேட் இடைக்கரைசலுக்கு மாறுங்கள், பாகில் சிறிதளவு கால்சியம் சேருங்கள். கெட்டிப் பாகில் மணி சுருங்குவது வேறு விஷயம். சர்க்கரை நீரை வெளியே இழுப்பதால் அது எப்படியும் நடக்கும்.

மணியைப் பெரிதாகவும் செய்யாதீர்கள். சுக்ரோஸ் மணியின் நடுவரை ஊர்ந்துபோக வேண்டும். பெரிய மணியில் நடுப்பகுதி நொதி பட்டினி கிடக்கும்.

கல்லூரிச் செயல்முறையில் ஈஸ்ட்டை ஆல்ஜினேட் மணியில் அடைத்துச் சர்க்கரையில் போட்டோம். அதுவும் இதுதானே?

மணி அதே மணி, நொதி வேறு. ஈஸ்ட்டில் இருப்பது இன்வெர்ட்டேஸ். அது ஃப்ரக்டோஸைக் கழற்றிப் பெரும்பாலும் நீரிடம் ஒப்படைத்துவிடுகிறது. உங்களுக்குக் கிடைத்தது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்த பாகு. நன்றாக இனிக்கும்; ப்ரீபயாடிக் அதில் இருக்காது. செயல்முறைக் குறிப்பேட்டில் "ப்ரீபயாடிக் உற்பத்தி" என்று தலைப்பிட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பாகு ஏன் அவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? நீர்த்திருந்தால் எளிதாக ஓடுமே.

முந்தைய பதிலின் தொடர்ச்சிதான். நொதியின் கையில் ஒரு ஃப்ரக்டோஸ் இருக்கிறது. பக்கத்தில் சுக்ரோஸ் இருந்தால் அதில் பூட்டும். நீர் இருந்தால் நீரிடம் விட்டுவிடும். நீர்த்த கரைசலில் நீர் வென்றுவிடும். அதனால்தான் 50, 60 சதவீதம் என்று சுக்ரோஸை நெருக்கி வைக்கிறார்கள்.

கெட்டிப் பாகு நகர மறுக்கும் என்பது உண்மை. சூடு அதைத் தீர்க்கிறது. 55 டிகிரியில் பாகு வெகுவாக இளகிவிடும். அந்தச் சூட்டிலும் அந்தச் சர்க்கரைச் செறிவிலும் வேண்டாத கிருமிகள் வளர்வதும் கடினம். குளிர்ந்த நிலையில் நாள்கணக்கில் ஓட்டப் பார்த்தவர்களின் கலன்கள் புளித்து நாறியதைக் கண்டிருக்கிறேன்.

100 கிலோ சர்க்கரை போட்டால் 100 கிலோ எஃப்.ஓ.எஸ். கிடைக்குமா?

கிடைக்காது. நொதி எவ்வளவு நல்லதானாலும் கிடைக்காது. காகிதத்திலேயே கணக்குப் போடலாம். மொத்தச் சுக்ரோஸும் பிசகில்லாமல் கெஸ்டோஸ் ஆனால் 74 கிலோ கெஸ்டோஸ், 26 கிலோ குளுக்கோஸ். எல்லாம் நிஸ்டோஸ் ஆனால் 65 கிலோ நிஸ்டோஸ், 35 கிலோ குளுக்கோஸ். சங்கிலி நீள நீள உதிரும் குளுக்கோஸும் கூடும்.

நடைமுறையில் 55 முதல் 60 சதவீதத்தில் நின்றுவிடும். சேர்ந்துவரும் குளுக்கோஸ் நொதியின் வேலையையே மந்தமாக்குவது ஒரு காரணம். கொஞ்சம் சுக்ரோஸ் மாறாமல் மிஞ்சுவதும் உண்டு. யாராவது 90 சதவீத விளைச்சல் என்று சொல்லி இயந்திரம் விற்க வந்தால், குளுக்கோஸ் எங்கே போனது என்று கேளுங்கள். அடுத்த கேள்வியின் பதிலைச் சொன்னால் உட்காரச் சொல்லலாம்.

அந்தக் குளுக்கோஸை நீக்க வழியே இல்லையா?

உண்டு, எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. ஆலைகளில் வழக்கமானது, ரெசின் நிரப்பிய கலன்களில் பாகை ஓட்டி, மூலக்கூறின் அளவைக் கொண்டு பிரிப்பது; இதில் 95 சதவீதத் தூய்மை கிடைக்கும். தூளாக வரும் உயர்விலைச் சரக்கு இப்படி வருவதுதான். நுண்சவ்வில் வடிப்பது இன்னொரு வழி.

மூன்றாவது வழி கொஞ்சம் சாமர்த்தியமானது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியையும் சேர்த்துவிட்டால், அது குளுக்கோஸை உடனுக்குடன் குளுக்கோனிக் அமிலமாக்கிவிடும். தடை நீங்குவதால் முதல் நொதி சுறுசுறுப்படையும், எஃப்.ஓ.எஸ். 90 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் ஆக்சிஜன் இடைவிடாமல் வேண்டும், பக்கவிளைவாக வரும் ஹைட்ரஜன் பெராக்சைடை அழிக்கக் கேட்டலேஸ் நொதி வேண்டும், அமிலத்தை நடுநிலையாக்கக் கால்சியம் கார்பனேட் வேண்டும். 60 சதவீதப் பாகுக்குள் காற்றைக் கரைப்பது எளிதல்ல. ஆய்வுக்கட்டுரையில் அழகாக இருப்பது ஆலையில் மூச்சுத் திணறுவது இங்கேதான்.

பிரிக்ஸ் மானியில் அளவு மாறவே இல்லை. நொதி செத்துவிட்டதா?

பிரிக்ஸ் மானி கரைந்திருக்கும் மொத்தத்தைத்தான் காட்டும். ஃப்ரக்டோஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறினால் மொத்த எடை மாறாது. ஆகவே அளவு அப்படியே நிற்பது இயல்பு.

சரி, குளுக்கோஸை அளந்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. ஃப்ரக்டோஸ் நீரிடம் போனாலும் குளுக்கோஸ் வரும், சுக்ரோஸிடம் போனாலும் குளுக்கோஸ் வரும். தனித்து நிற்கும் ஃப்ரக்டோஸையும் அளந்து குளுக்கோஸிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் சங்கிலியில் உண்மையாகப் பூட்டப்பட்ட ஃப்ரக்டோஸ். இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் நீங்கள் ஈஸ்ட் மணி செய்த மாணவர்களின் நிலையில் இருக்கிறீர்கள். கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி கிடைத்தால் கெஸ்டோஸையும் நிஸ்டோஸையும் தனித்தனியாகவே பார்த்துவிடலாம்.

ஒருமுறை கட்டிய நொதி எவ்வளவு காலம் தாங்கும்?

கட்டும் முறை, சூடு, பாகின் சுத்தம் எல்லாவற்றையும் பொறுத்தது. ஒரே எண் சொல்பவரை நம்பாதீர்கள். திறன் ஒரே நாளில் போய்விடுவதில்லை, படிப்படியாகக் குறையும். குறையக் குறையப் பாகின் ஓட்டத்தை மெதுவாக்கி, வெளிவரும் சரக்கின் தரத்தை மாறாமல் வைப்பார்கள். ஓட்டம் கட்டுபடியாகாத அளவுக்கு மெதுவானதும் மணிகளை மாற்றுவார்கள்.

எல்லா ஆலைகளும் கட்டிவைத்த நொதியைத்தான் பயன்படுத்துகின்றனவா?

இல்லை. நொதி மலிவாகக் கிடைத்தால் கரைத்துவிட்டு, முடிந்ததும் சூடாக்கி அழித்துவிடுவதே எளிது; பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். கட்டிவைப்பதன் இலாபம் நொதியின் விலையையும் ஆலை இடைவிடாது ஓடுவதையும் பொறுத்தது. மாதத்தில் சில நாள் மட்டும் ஓட்டும் சிறு தொழிலுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இது சைவமா?

மூலப்பொருள் சர்க்கரை, நொதி பூஞ்சையினுடையது, அதுவரை சிக்கலில்லை. கட்டும் பொருளைத்தான் கேட்க வேண்டும். ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வருவது. கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. ஜெலட்டின் விலங்குத் தோல், எலும்பிலிருந்து வருவது. இவை உணவில் சேர்வதில்லை என்பதால் லேபிளில் இருக்காது. கண்டிப்பாக இருப்பவர்கள் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்பதே வழி.

குளூட்டரால்டிஹைடு கிருமிநாசினி ஆயிற்றே. அது உணவில் வராதா?

கவலை நியாயமானது. பூட்டி முடித்ததும் மிச்சத்தை நன்றாகக் கழுவிவிட வேண்டும். பிறகு வரும் பாகைக் கரித்தூளிலும் ரெசினிலும் வடிக்கிறார்கள். நொதியைக் கட்டப் பயன்படும் பொருள்களுக்கென்றே அமெரிக்க உணவு விதிகளில் தனிப் பட்டியல் உண்டு. குளூட்டரால்டிஹைடு அதில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நீங்களே செய்த மணியில் ஓட்டிய பாகை மட்டும் தயவுசெய்து சுவைத்துப் பார்க்காதீர்கள்.

எனக்குச் சர்க்கரை நோய். "ப்ரீபயாடிக் சிரப்" என்று போட்டிருக்கிறது. சாப்பிடலாமா?

எஃப்.ஓ.எஸ். தன்னளவில் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதில்லை. பிரச்சினை அதோடு வரும் உறவினர்கள். பிரிக்காத பாகில் திடப்பொருளில் 55, 60 சதவீதம்தான் எஃப்.ஓ.எஸ்.; மீதி குளுக்கோஸும் சுக்ரோஸும். 95 சதவீதத் தூளும் இந்தச் சிரப்பும் ஒரே பெயரில் விற்கின்றன.

டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்க ஊட்டச்சத்து அட்டவணையில் "மொத்தச் சர்க்கரை" வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு 5 கிராம் அளவில் இருந்தால் பிரித்தது. 25, 30 என்று இருந்தால் அது சர்க்கரைப் பாகின் சொந்தக்காரர். எவ்வளவு எடுக்கலாம் என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும்.

சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. கெட்டுப்போன சரக்கா?

சரக்கில் குறையிருக்க வேண்டியதில்லை. நுண்ணுயிர்கள் தின்றால் வாயு வரும். பைஃபிடோபாக்டீரியா பெருகியதைக் காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு 2.5 முதல் 10 கிராம் வரை கொடுத்திருக்கிறார்கள். 20 கிராமைத் தாண்டினால் பலருக்கு வயிறு இரைச்சலும் பேதியும் வரும். குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுங்கள். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவுகூடத் தொல்லை தரலாம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறையில் விலக்கச் சொல்லும் பொருள்களில் இந்தக் குடும்பமும் ஒன்று.

பால் மாவில் ஜி.ஓ.எஸ். என்று இருக்கிறது. அதுவும் இதே வேலையா?

அதே உத்தி, மூலப்பொருள் வேறு. கேலக்டோ-ஒலிகோசாக்கரைடு பால் சர்க்கரையான லாக்டோஸிலிருந்து பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியால் செய்யப்படுகிறது. இங்கேயும் நீர் போட்டிக்கு வரும், இங்கேயும் குளுக்கோஸ் உதிரும், லாக்டோஸும் மிஞ்சும். ஆகவே லாக்டோஸ் ஒவ்வாதவர்கள் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதியில் ஒவ்வாமை உடல்வாகு கொண்ட சிலருக்கு ஜி.ஓ.எஸ்ஸால் கடுமையான ஒவ்வாமை வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அரிது, ஆனால் உண்மை. குழந்தை உணவை மாற்றுவதற்கு முன் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

எலுமிச்சைப் பானத்திலும் ரொட்டியிலும் சேர்த்து விற்க நினைக்கிறேன். தாங்குமா?

பிஸ்கட், பால் பானம், சத்துமாவு ஆகியவற்றில் நன்றாகத் தாங்கும். எலுமிச்சைப் பானம் சிக்கல். பி.எச். 4-க்குக் கீழே, அதுவும் சூட்டோடு, சங்கிலி மெல்ல உடைந்து சாதாரணச் சர்க்கரையாகிவிடும். தயாரித்த அன்று லேபிள் உண்மை பேசும். அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற பிறகு பேசாது. பானம்தான் வேண்டும் என்றால் கடைசி நாள் பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பி, அதில் வரும் எண்ணை லேபிளில் போடுங்கள்.

ரொட்டியில் அடுப்பைவிட ஈஸ்ட்தான் ஆபத்து. கல்லூரி மணியில் பார்த்த அதே இன்வெர்ட்டேஸ், மாவு பொங்கும் நேரத்தில் கெஸ்டோஸையும் நிஸ்டோஸையும் உடைத்துத் தின்றுவிடும். ரொட்டிக்கு நீண்ட சங்கிலி இனுலின் பொருத்தமானது. ஈஸ்ட் அதை மிக மெதுவாகத்தான் கடிக்கும். அல்லது எஃப்.ஓ.எஸ்ஸை மாவில் கலக்காமல், ரொட்டி வெந்த பிறகு மேலே தடவும் பூச்சில் சேருங்கள்.